எக்ஸ்-ரே அறைக்கு அடுத்த கதவு

கதவில் என் தொழிலின் பெயர் இருக்கிறது:
இயன்முறை மருத்துவம்.
யாரும் வாசிப்பதில்லை.
"கரண்டு வைக்கிற ரூம் எது?" என்று
கேட்டுக் கேட்டே வந்து சேர்கிறார்கள்
கம்பம் அரசு மருத்துவமனையின் நீளத் தாழ்வாரத்தில்.

நுழைந்ததும் எண்ணெய்ப் புட்டியைத் தேடும் கண்கள்.
மலைக்கு அந்தப் பக்கம், குமுளியில்,
இலைக்கிழி ஒத்தி உழிச்சல் போடுவார்களாம்,
ஏழு நாள்.
"நீங்க என்ன போடுவீக?"

நான் எதுவும் போடுவதில்லை அக்கா.
ஊசி இல்லை, மாத்திரைச் சீட்டு இல்லை.
ஒரு மேஜை, ஒரு மெழுகுத் தொட்டி,
சுவரில் ஏணி, கப்பியில் கயிறு,
மூட்டின் கோணம் அளக்க
இரண்டு கை முளைத்த பாகைமானி ஒன்று.
மிச்சத்தை நீங்கள்தான் போட வேண்டும்.

ஒச்சம்மாள் வந்தது ஆடிச் செவ்வாய்.
கம்பம்மெட்டு வளைவொன்றில்
ஜீப்பின் பின்கம்பியிலிருந்து விழுந்தவள்.
எலும்பு கூடிவிட்டது என்று சொல்லி
மாவுக்கட்டை வெட்டியவர் அனுப்பினார்.
கூடியது எலும்பு மட்டும்.
ஆறு வாரம் இருட்டில் கிடந்த கை
தோலுரித்த பனங்கிழங்காய் வெளுத்து
மடங்கவும் மாட்டாமல் விரியவும் மாட்டாமல்
அவள் மடியில் கிடந்தது,
யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன
சாமானைப் போல.

அளந்தேன்.
புறங்கைப் பக்கம் இருபது பாகை.
உள்ளங்கைப் பக்கம் பதினைந்து.
"இம்புட்டு எழுதுறீகளே, சரியாயிருமா?"
ஆகும் என்று சொல்லவில்லை.
இந்தக் கையால என்ன வேலை பார்க்கணும், என்றேன்.
எங்கள் தொழிலின் முதல் கேள்வி அது.
எங்கே வலிக்கிறது என்பது எனக்கு இரண்டாவதுதான்.

"ஏலக்கா எடுக்கணும்.
முட்டி போட்டு, தூருக்குள்ள கைய விட்டு
விளைஞ்சத மட்டும் கிள்ளணும்.
பிஞ்சு கலந்துச்சுன்னா
அச்சன்குஞ்சு சாரு எடையில கழிச்சிருவாரு."

ஆகவே
மெழுகில் முக்கி எடுத்த கைக்கு
ஒரு தூக்குவாளி கொண்டைக்கடலை வைத்தேன்.
உள்ளே பத்தே பத்துப் பட்டாணி.
கண்ணை மூடு. பட்டாணியை மட்டும் எடு.
சிரித்தாள்.
மூன்றாவது பட்டாணியில் சிரிப்பு நின்று
மேலுதட்டில் வியர்த்தது.

பிறகு மேஜையில் உள்ளங்கை ஊன்றி
மெல்லச் சாயச் சொன்னேன்.
வலிக்கு முன்னால் ஓர் இழுவை வரும்,
அங்கே நில், பத்து எண்ணு.
அவள் எண்ணுகிற வேகத்தில்
தேனி போய்த் திரும்பி விடலாம்.
"ஏழுக்கு அப்புறம் பத்தா அக்கா?"
"வலிக்குதுல்ல!"

எட்டு நாள் வந்தாள். நாற்பத்திரண்டு பாகை.
ஒன்பதாம் நாள் இல்லை, பத்தாம் நாளும்.
மேலே காய் எடுப்பு தொடங்கியிருந்தது.
பதிவேட்டில் 'பாதியில் நின்றவர்' கட்டத்தில்
கொஞ்சம் அழுத்தியே டிக் போட்டேன்.
மாதச் சம்பளக்காரியின் கோபம்;
ஒரு நாள் கூலி எவ்வளவு என்று
அதற்குத் தெரியாது.

போன வாரம் தேனியில் மீட்டிங்.
விடியாத ஐந்தரைக்கு பஸ்ஸுக்கு நின்றேன்.
எதிரே மலையேறும் ஜீப்புகள்,
தூக்குச்சட்டிகள், பிளாஸ்டிக் சாக்குகள்,
தலைத்துணிக்குள் தூக்கம்.
இரண்டாவது ஜீப்பில் மட்டும் யாரும் தூங்கவில்லை.
பதினாலு பெண்கள்,
முன்சீட்டு முதுகில், பக்கத்தாள் தோளில், கம்பியில்,
கிடைத்த இடத்தில் உள்ளங்கை ஊன்றிச்
சாய்ந்துகொண்டிருந்தார்கள்.
நடுவில், இந்த முறை உள்ளே உட்கார்ந்து,
அவள் எண்ணினாள்:
"ஆறு... ஏழு... ஓடாதடி, நில்லு, எட்டு..."

எனக்கு அழுகை எல்லாம் வரவில்லை.
கடைசியில் இருந்தவள்
முழங்கையை மடக்கித் தப்பாகச் செய்துகொண்டிருந்தாள்.
ரோட்டைக் கடந்து ஓடினேன்.
"நீட்டி வை! முழங்கைய நீட்டி வை!"
டிரைவர் ஹாரன் அடித்தான்.
ஜீப் கிளம்பிவிட்டது,
தேனி பஸ்ஸும்.